காயும் எண்ணெய், காயாத எண்ணெய்

போடியிலிருந்து முந்தல் சோதனைச் சாவடி தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டரில் இருக்கிறது. மெட்டு 1,300 மீட்டருக்கும் மேலே. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துத் தூரம்தான். மரச்சாமானுக்கு மெருகேற்ற உட்காருகிறவருக்கோ இவை இரண்டு வேறு நாடுகள். கீழே பங்குனி வெயிலில் இரண்டு மூன்று நாளில் இறுகிவிடும் எண்ணெய்ப் பூச்சு, மேலே ஆனி மாதச் சாரலில் பத்து நாளானாலும் விரலோடு வரும்.

கடையில் டப்பாவாக விற்கும் பாலியூரித்தேன், மெலமைன் பூச்சுகளை விட்டுவிட்டு எண்ணெய், தேன்மெழுகு, அரக்கு ஆகிய மூன்றைக் கொண்டு நாற்காலி, மேசை, கட்டில், அலமாரிக்கு வீட்டிலேயே மெருகேற்றுவது இந்த அத்தியாயத்தின் விஷயம். இதில் இறங்குகிற பலரும் முதலில் கேட்பது ‘எந்த எண்ணெய்?’ என்று. எந்த மாதம், எந்த இடம் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். எண்ணெய் அதற்குப் பிறகு.

கையில் இருக்கும் மரம்

மெட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஏலம் நிழலில்லாமல் விளையாது. அதனால் இந்த மலைகளில் வீட்டுச் சாமான்களுக்கான மரம் பெரும்பாலும் நிழல் மரத்திலிருந்தே வருகிறது: பலா, அயினி, சந்தன வேம்பு. தேயிலைப் பக்கம் போனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்த சில்வர் ஓக். போடிச் சமவெளியில் மாவும் வேம்பும் பூவரசும் உண்டு. பழைய வீடுகளில் தேக்கும் ஈட்டியும் இருக்கும்.

இவற்றில் இயற்கைப் பூச்சுக்கு என் முதல் ஓட்டு பலாவுக்கு. வீணைக் குடத்துக்குத் தஞ்சாவூர்க்காரர்கள் தேடுகிற மரம் இது. வெட்டிய புதிதில் மஞ்சளாகக் கண்ணைப் பறிக்கும். வெளிச்சம் படப்பட ஒரு வருடத்துக்குள் தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் போய்விடும். எண்ணெய் பட்டால் அந்த நிறம் இன்னும் ஆழமாகும். இதன் மேல் சாயம் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். சில்வர் ஓக் வெளிறிய மரம், ஆனால் ஆரவாட்டில் அறுத்த பலகையில் மீன் செதில் போல மினுக்கும் திட்டுகள் தெரியும். மெல்லிய அரக்குப் பூச்சு அதை நன்றாக எடுத்துக் காட்டும். இதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை அதிகம். பூச்சுக்கு முன் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் பூச்சு பிடிக்கும். இலவ மரத்துக்கு மெனக்கெட வேண்டாம். அதன் பஞ்சுக்கு இருக்கிற மதிப்பு கட்டைக்குக் கிடையாது.

ஈட்டி பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் தாத்தா காலத்து ஈட்டிச் சாமான் இருந்தால் பத்திரமாக மெருகேற்றி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டை தேடிப் போகாதீர்கள். ஈட்டி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் என்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். மெட்டு மாநில எல்லையும்கூட. உரிய சீட்டு இல்லாமல் எந்த வெட்டு மரத்தையும் சாவடி தாண்டிக் கொண்டுவர முடியாது.

மேலே ஈரம், கீழே புழுதி

காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஏற்ப மரம் தன் ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் அறையில் கிடக்கும் பலகை, தன் எடையில் 9 சதவீதம் அளவுக்கு ஈரத்தோடு நிலைகொள்ளும். ஈரப்பதம் 90-ஐத் தொடும் மலை வீட்டில் அதே பலகை 20 சதவீதம் வரை போகும். பூச்சு பூசினால் இது நின்றுவிடும் என்று நினைக்கிறோம். எந்தப் பூச்சும் இதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது.

மெட்டில் ஐப்பசி மழையில் செய்து முடித்த மேசையைச் சித்திரையில் போடி வீட்டுக்கு இறக்கினால் என்ன ஆகும்? ஓரடி அகலப் பலகை நாலைந்து மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். ஆணியும் பசையும் அதை இழுத்துப் பிடித்திருந்தால் பலகை வெடிக்கும். ஆகவே எந்த ஊரில் சாமான் இருக்கப் போகிறதோ அந்த ஊர்க் காற்றில் சில வாரம் கிடத்தி, பிறகு பூசுவது நல்லது. மேசைப் பலகையின் மேல்பக்கம் மட்டும் பூசி அடிப்பக்கத்தை விட்டுவிடும் வழக்கத்தையும் கைவிடுங்கள். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஈரம் இழுத்தால் பலகை குழிந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சு வேண்டும்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வைத்து மரத்தைச் சீக்கிரம் உலர்த்திவிடலாமே என்ற யோசனை தோட்டக்காரர்களுக்கு எப்போதும் வரும். ஸ்டோர் அறை 50 டிகிரியைச் சுற்றியே ஓடும். பச்சை ஏலக்காய்க்கு அது சரி. இரண்டு அங்குலக் கட்டைக்கு அந்தச் சூடு பட்டால் வெளித்தோல் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, முனை முழுக்க விரிசல் விடும். ஸ்டோருக்கு வெளியே, கூரையடியில், காற்று நடமாடும்படி இடையில் குச்சி வைத்து அடுக்குங்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது ஆசாரிகளின் பழைய கணக்கு.

மெட்டில் பூச்சு வேலைக்குத் தை முதல் பங்குனி வரைதான் காலம். அந்த மாதங்களிலும் காலைப் பனிமூட்டம் விலகி, பலகையைத் தொட்டால் சில்லென்று இல்லாத நேரம் பார்த்து, ஏறக்குறைய பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் பூசி முடிக்க வேண்டும். போடியில் ஈரம் ஒரு தொல்லையில்லை. ஆடிக் காற்றுதான் எதிரி. அந்த மாதத்தில் திண்ணையில் வைத்துப் பூசினால் தெருப்புழுதி முழுவதும் பூச்சில் படிந்துவிடும். கதவு சாத்திய அறை, அதிலும் முந்தின நாளே கூட்டி ஈரத்துணியால் துடைத்த அறை வேண்டும்.

பழையதை எடுப்பது

பழைய நாற்காலியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் புதிதாகப் பூசக் கூடாது. மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். ஒரு நிமிடத்தில் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டும் துணியும் கொண்டே எடுத்துவிடலாம். ஒன்றும் ஆகவில்லையென்றால் வார்னிஷோ பாலியூரித்தேனோ. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் ஆசாரிகள் சுரண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். புது உப்புத்தாளைவிட அது சுத்தமாக எடுக்கும்; கைக்குத் தடித்த துணியுறை அவசியம்.

எஸ்டேட் பங்களா, தொழிலாளர் லயம் இவற்றிலிருந்து வந்த பழைய பச்சை, மஞ்சள் எனாமல் பூசிய சாமான் என்றால் நில்லுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு ஈயம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதை உலர்வாகத் தேய்த்தால் தூள் குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். அப்படியே விடுங்கள், அல்லது நனைத்துச் சுரண்டி, செதிலைக் கவனமாகச் சேகரித்து அப்புறப்படுத்துங்கள்.

மரம் வெறுமையானதும் 80, 120, 180, 220 என்ற வரிசையில் உப்புத்தாள், எப்போதும் ரேகை ஓடும் திசையில். 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை. மரத்தின் நுண்ணிய மயிர்கள் எழுந்து நிற்கும். காய்ந்தபின் அதே 220-ஐ மெல்ல ஓட்டினால் அவை போய்விடும். இந்த ஒரு படியை விட்டால், நீர் கலந்த எதைப் பூசினாலும் பிறகு சொரசொரப்பாகும்.

மாமரமும் சில்வர் ஓக்கும் சீக்கிரம் உளுத்துவிடும். பூச்சுக்கு முன் ஒரு லிட்டர் சுடுநீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை குடிக்கக் குடிக்கத் தடவுங்கள். இது மழையில் கரைந்து போகும், வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு மட்டுமே ஆகும். நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெய். உணவு படும் பலகைகளுக்கு இது வேண்டாம்.

எண்ணெய்

‘தேங்காயெண்ணெய் தடவலாமா ஆசாரி?’ என்று கேட்டால் போடிப் பக்கத்தில் வரும் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘தடவுங்க. அப்புறம் ஊர்த் தூசியெல்லாம் ஒங்க கட்டில்லதான் வந்து உக்காரும்.’

காரணம் எளியது. சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். சில எண்ணெய்கள் எத்தனை வருடமானாலும் எண்ணெயாகவே இருக்கும். தேங்காயெண்ணெயில் 90 சதவீதம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு. பின்னிக்கொள்ள அதில் இடமே இல்லை. விளக்கெண்ணெயும் இறுகாது. நல்லெண்ணெய் நடுவாந்தரம்: முழுக்கக் காயாமல் பிசுக்காகி, சிக்கு வாடை அடிக்கும். வேப்பெண்ணெய் பூச்சியை விரட்டும், அத்தோடு வீட்டு மனிதர்களையும் விரட்டும். பாட்டி காலத்தில் கதவு நிலைக்கு எண்ணெய் போட்டார்களே என்றால், போட்டார்கள். கூடவே தினமும் துடைத்தார்கள்.

காயும் எண்ணெய்களில் நமக்கு எளிதில் கிடைப்பது ஆளிவிதை எண்ணெய். இதில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம், ஆக்சிஜனை வேகமாகப் பிடிக்கிற வகை. பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று விற்பது பெரும்பாலும் உலோக உப்புகள் கலந்து சீக்கிரம் காயச் செய்த எண்ணெய். நாற்காலிக்குப் பரவாயில்லை, தொட்டிலுக்கும் சாப்பாட்டுப் பலகைக்கும் கலப்பில்லாத பச்சை எண்ணெயே வேண்டும். பச்சை எண்ணெய் காய நாளாகும். அதற்குப் பழைய ஓவியர்களின் வழி ஒன்று உண்டு. அகலமான கண்ணாடித் தட்டில் ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெயை ஊற்றி, மேலே கண்ணாடி மூடியைக் காற்றுப் போகும்படி சற்றுத் தூக்கி வைத்து, சில வாரம் வெயிலில் விட்டுத் தினமும் கிளறினால் எண்ணெய் தேன் பதத்துக்குத் தடிக்கும், வெளுக்கும். அது பச்சை எண்ணெயைவிடச் சீக்கிரம் காயும். போடி மொட்டைமாடிக்கு இதைவிட நல்ல உபயோகம் சித்திரையில் இல்லை. கீழே வெயிலில் காய்ச்சிய எண்ணெயை மேலே மெட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்துங்கள்.

பூசும் முறை: முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. பழைய ஆட்கள் கற்பூரத் தைலம் என்பது இந்த டர்பன்டைனைத்தான். பருத்தித் துணியால் தாராளமாகத் தடவி, 15-20 நிமிடம் மரம் குடிக்க விட்டு, பிறகு மேலே நிற்கிற எண்ணெய் முழுவதையும் துடைத்து எடுங்கள். துடைப்பதுதான் வேலையின் உயிர். மேலே நின்றுவிட்ட எண்ணெய் தோலாகச் சுருங்கிப் பிசுக்கும். பிறகு சுரண்டுவதைத் தவிர வழியில்லை. இரண்டாவது, மூன்றாவது பூச்சுக்கு எண்ணெய் மட்டும், அதுவும் கொஞ்சமாக. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே போடியில் இரண்டு மூன்று நாள், மெட்டில் ஒரு வாரம், சாரல் காலமானால் அதற்கும் மேல். முகர்ந்து பாருங்கள், பச்சை எண்ணெய் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை.

அரக்கு

அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் விடும் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் அதிகம் விளைகிறது. கிளையிலிருந்து எடுத்தது கொம்பரக்கு. சுத்தம் செய்து மெல்லிய தகடாக்கி உடைத்தது அவலரக்கு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களிலும் கர்நாடகத்துச் சென்னபட்டணம் பொம்மைகளிலும் பளபளப்பது இதே அரக்கு. அங்கே கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் நாம் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறோம்.

ஸ்பிரிட் வாங்குவது எல்லாக் கடையிலும் நடக்காது. தமிழ்நாட்டில் டினேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் இவற்றுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகளின் பெயரிலேயே ‘பிரெஞ்சு பாலிஷ்’ இடம்பெற்றிருக்கிறது. உரிமம் உள்ள பெயின்ட் கடையில் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். அதில் கலந்திருக்கக்கூடிய மெத்தனால் விஷம். கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், பாட்டிலில் பெயர் எழுதிப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 முதல் 150 கிராம் அவலரக்கு, கண்ணாடிப் பாட்டிலில், ஒரு ராத்திரி. இரும்பு டப்பா கூடாது, கரைசல் கறுத்துவிடும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். உள்ளே பஞ்சு, வெளியே பழைய வேட்டித் துணி வைத்துக் கட்டிய சிறு பொட்டலத்தைக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, ரேகையோடு நீளமாக, நிறுத்தாமல் ஓட்டுங்கள். நடுவில் நிறுத்தினால் பொட்டலம் ஒட்டித் தடம் விழும். அரைமணி நேரத்தில் அடுத்த பூச்சு. நான்கைந்து பூச்சுக்குப்பின் 320 உப்புத்தாளால் லேசாகத் தடவி, மறுபடி இரண்டு. கரைத்த அரக்கை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பழையதாகிவிட்டால் எத்தனை நாளானாலும் இறுகாது; கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும்.

மெட்டில் அரக்கு பூசுகிறவர்களின் தீராத புலம்பல், பூசிய கையோடு வெள்ளையாகப் பூத்துவிடுகிறது என்பது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகையின் மேல்பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றிலிருந்து நீர் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. பனிமூட்டம் அறைக்குள் எட்டிப் பார்க்கிற நாளில் அரக்கு பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். பூத்துவிட்டால் உலர்ந்த நாள் பார்த்து, வெறும் ஸ்பிரிட்டை மிகக் குறைவாக நனைத்த பொட்டலத்தால் ஒருமுறை ஓட்டுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

அரக்கு அலமாரிக்கும் படச் சட்டத்துக்கும் அருமை. சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். சூடான காபி டம்ளர் வெள்ளை வளையம் போடும்.

கறுப்பு வேண்டுமென்றால்

ஈட்டி போலக் கறுத்த சாமான் வேண்டும் என்பவர்களுக்குக் கலம்காரிக்காரர்களின் கறுப்பே போதும். துணிக்குக் கடுக்காய், அதன் மேல் வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்துப் புளித்த நீர்: துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. மரத்துக்கும் அதே கணக்குத்தான். 50 கிராம் கடுக்காய்ப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்து மரத்தில் தடவிக் காயவிடுங்கள். அடுத்து இரும்பு நீர். வெல்ல நீர் புளிக்க இரண்டு மூன்று வாரமாகும்; அவசரமென்றால் வினிகரில் துரு ஆணிகளை ஒரு வாரம் போட்டு வையுங்கள். கண் முன்னாலேயே மரம் கறுக்கும். மூணாறு தேயிலைத் தூளின் கெட்டி டிகாஷனைக் கடுக்காய்க்குப் பதில் வைத்தால் கறுப்பு வராது, சாம்பல் கலந்த பழுப்பு வரும். சில்வர் ஓக்குக்கு அது மிக அழகு. இரண்டும் காய்ந்தபின் எண்ணெயோ அரக்கோ. முதலில் துண்டுப் பலகையில் பாருங்கள்.

இதே காரணத்தால்தான் ஈரமான மரத்தை இரும்பு நாரால் தேய்க்கக் கூடாது. துவர்ப்புள்ள மரத்தில் மறுநாள் கறுப்புப் புள்ளிகள் எழும்.

தேன்மெழுகு

மெழுகு தனியாகப் பாதுகாப்புத் தராது; எண்ணெய்க்கோ அரக்குக்கோ மேலே, தொடும் கைக்காகப் பூசுவது. முதுவார், பளியர் குடிகள் மலைத்தேன் எடுக்கிற பகுதி இது. தேன் பிழிந்த அடையிலிருந்து மெழுகு கிடைக்கும். அடையை வெந்நீரில் உருக்கி, துணியில் வடித்து ஆறவிட்டால் மெழுகு மேலே கட்டியாக மிதக்கும். 100 கிராம் மெழுகை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு பாத்திரத்தில் உருக்குங்கள். 62-64 டிகிரியில் உருகிவிடும், நேரடித் தீ வேண்டாம். அடுப்பை அணைத்து, வெளியே கொண்டுவந்து, பிறகுதான் 300 மில்லி டர்பன்டைன் சேர்க்க வேண்டும். டர்பன்டைன் 35 டிகிரி அளவிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். போடியின் மே மாதத்துக்கு அந்தச் சூடு சாதாரணம்.

வழிக்கிற குழம்பாக ஆறியதும் துணியால் மெல்லியதாகத் தடவி, சற்றுப் பொறுத்து அழுத்தித் தேய்த்தால் மெருகு வரும். மத்து, கரண்டி, காய் நறுக்கும் பலகைக்கு டர்பன்டைனுக்குப் பதில் உணவுக்கு ஆகும் ஆளி எண்ணெயில் மெழுகைக் கரையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, தை பிறந்ததும் மெழுகு போட்டால் போதும். எண்ணெய்ப் பூச்சு சாமானுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய எண்ணெய்த் துடை.

எண்ணெய்த் துணி

‘இயற்கை’ என்று எழுதியிருப்பதால் யாரும் பயப்படாத ஆபத்து இது. ஆளி எண்ணெய் ஆக்சிஜனை இழுத்துக் காயும்போது சூடு வெளியிடும். பலகையில் மெல்லியதாக இருக்கும்போது அந்தச் சூடு காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால் சூடு உள்ளேயே கூடிக் கூடி, யாரும் தீப்பெட்டி உரசாமலே துணி பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசா 1991 பிப்ரவரி 23 அன்று பற்றியெரிந்தது. மரச்சுவர்ப் பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் 22-ஆவது மாடியில் விட்டுப்போன ஆளி எண்ணெய்த் துணிகளில் தொடங்கிய தீ அது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

ஏலக்காய் ஸ்டோர் என்றால் விறகும் சாக்கும் காய்ந்த சருகும் நிறைந்த இடம். வேலை முடிந்ததும், கை கழுவுவதற்கு முன்பே, துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெட்டவெளியில் கம்பியில் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த வாளியில் அமுக்கி வையுங்கள். விரைப்பாகக் காய்ந்த பிறகே குப்பைக்குப் போகலாம். நாளை செய்துகொள்ளலாம் என்று இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.